செல்லப்பா அத்தான் வாங்கிய ஆட்டோமேட்டிக்

என் அக்காள் புருஷன் செல்லப்பா அத்தான் கார் வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தக் காரை என் தலையிலும் சேர்த்துக் கட்டியதில்தான் வருத்தம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தென்காசி தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த ஒரு குற்றத்துக்காக, புது வண்டியின் நடுவில் டி.வி. மாதிரி நிற்கும் திரை, அது போடும் சத்தங்கள், ஆங்கிலத்தில் தடியாக வந்த புத்தகம் எல்லாம் என் இலாகா என்று குடும்பமே முடிவு செய்துவிட்டது. ஆதார் திருத்தத்துக்கு ஆள் வரிசையில் நிற்கும்போது போன் வரும்.

"ஏலே ஜெகதீசா, வண்டி கீகீன்னு கத்துது. வெரசா வா."

போய்ப் பார்த்தால் முன் சீட்டில் வாழைத்தாரை ஏற்றி வைத்திருப்பார். வாழைத்தாருக்கு பெல்ட் போடவில்லை என்று வண்டி கத்திக்கொண்டிருக்கும்.

அத்தான் போலீசில் ஆயுதப்படை டிரைவராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப், வேன், அதிகாரிகளின் கார் என்று ஓட்டியே காலம் போனது. எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள், மாறிப் போனார்கள். ஒவ்வொருவர் வீட்டு அம்மாவுக்கும் எந்தக் கோயில் பிடிக்கும், எந்தக் கடையில் சேலை எடுப்பார்கள் என்று அத்தானுக்குத் தெரியும். அக்காவுக்கு எந்தக் கடை பிடிக்கும் என்று கேட்டால் யோசிப்பார். அவ்வளவு காலம் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோனது. இனி கிளட்ச் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக் கார் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அது அத்தான் காதில் விழவில்லை.

ஓய்வு பெற்றதும் கார் வாங்கியே தீருவேன் என்று நின்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். பங்குனி உத்திரம். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போயாக வேண்டும். அத்தான் வீட்டுச் சாஸ்தா அம்பாசமுத்திரம் தாண்டி ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். ஆனால் வேலையில் இருந்தவரைக்கும் உத்திரம் என்றால் அத்தானுக்குப் பந்தோபஸ்து. யார் யாரோ குடும்பத்துச் சாஸ்தாவுக்கெல்லாம் காவலுக்கு வேன் ஓட்டிப் போயிருக்கிறார். வேலையில் சேர்ந்த பிறகு தன் சாஸ்தாவை உத்திரத்தன்று அவர் பார்த்ததே இல்லை. மாரிச்செல்வி அக்காதான் பொங்கல் பானை, அரிசி, மகள் ஸ்வாதி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வருவாள். கல்யாணம் ஆன நாள் முதல் புருஷனோடு ஒரு உத்திரத்துக்குக்கூடப் போனதில்லை. அத்தான் வேலையில் இருந்த கடைசி வருஷம் பஸ்ஸில் இடம் கிடைக்காமல், பானையை இடுப்பில் வைத்தபடி நின்றுகொண்டே போனாள். அதை யாரோ அத்தானிடம் சொல்லிவிட்டார்கள்.

"அடுத்த உத்திரத்துக்கு நம்ம வண்டியில, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறோம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நல்ல எண்ணம்தான். யார் இல்லை என்றது? பெட்ரோல் வண்டியாக வாங்குங்கள் அத்தான், ஊருக்குள் ஓட்ட அது போதும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். போலீஸ் வண்டி எல்லாம் டீசல். டீசல் சத்தம் கேட்காவிட்டால் அவருக்கு வண்டியில் உட்கார்ந்த மாதிரியே இருக்காது. வண்டி விற்கிறவர்கள், "மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க சார்?" என்று கேட்டார்கள். "அது கணக்கே கிடையாது. ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்று இவர் அளந்துவிட்டார். தை மாசம் ஏழு பேர் உட்காரும், கிளட்ச் இல்லாத வெள்ளை டீசல் ஆட்டோமேட்டிக் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. இருப்பது இரண்டு பேர். ஸ்வாதி கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

முதல் நாள் காசிவிசுவநாதர் கோயிலுக்குப் பூஜை போடக் கிளம்பினோம். முன் சீட்டில் நான். முச்சந்தியில் ஒரு ஆட்டோ குறுக்கே வர, அத்தானின் இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. பின்னால் வந்த பால்காரர் கெட்ட வார்த்தை சொன்னார். கோயில் போய்ச் சேர்வதற்குள் இதே மாதிரி இன்னும் சில மிதிகள். கடைசியில் அத்தான் இடது காலை மடக்கி சீட்டுக்குக் கீழே சொருகிக்கொண்டார். முட்டி வலிக்கக் கூடாது என்றுதானே இந்த வண்டி? இப்போது மடக்கி வைத்தே வலி வந்தது. அதைச் சொன்னால் இறங்கி நடந்து போ என்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் அக்காவின் வயிறு.

அக்காவுக்கு மூடின கார் ஆகாது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் சென்னை வரைக்கும் போவாள். ஆய்க்குடி அங்கன்வாடியில் வேலை. தினமும் ஸ்கூட்டரில்தான் போய் வருகிறாள், ஒன்றும் செய்யாது. காரில் மட்டும்தான் தொந்தரவு; அதிலும் கண்ணாடியை ஏற்றிவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே முகம் வெளிறிவிடும். கல்யாண வீடுகளுக்கு வாடகைக் காரில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். குமட்டிக்கொண்டு வர, வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் ஓங்கரிப்பாள். அத்தானுக்கு அது தன் தொழிலுக்கே அவமானம்.

"எத்தன அதிகாரி வீட்டு அம்மாவ மலையேத்தி இறக்கிருக்கேன். ஒருத்தரு வாயத் தொறந்தது கிடையாது. எல்லாம் மனசுதான் காரணம். வேற எதையாவது நெனச்சுக்கிட்டு வா" என்பார்.

"வேற என்னத்த நெனைக்க? வயித்தத்தான் நெனைக்க முடியுது" என்பாள் அக்கா.

புது வண்டியின் பிளாஸ்டிக் வாசனை இன்னும் மோசம். இலஞ்சிக்கு ரோடு பிரியும் விலக்கு தாண்டுவதற்குள் அக்கா கையைத் தூக்கிவிடுவாள். அதனால் வண்டி தூரமாக எங்கேயும் போகவில்லை. காய்கறி மார்க்கெட், கோயில், குற்றாலம். குற்றாலம் என்றால் அக்காவுக்கு உயிர். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ஓய்ந்திருந்தது. மெயின் அருவியில் குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் விழுந்தது. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு அந்தக் கொஞ்ச தூரத்தைத் தாங்கிக்கொள்வாள். ஏழு பேர் வண்டியில் நாய்க்குட்டி மாதிரி தலையை நீட்டிப் போகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குற்றாலத்தில் அத்தான் இறங்க மாட்டார். அக்கா குளிக்கப் போனால் அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். இன்ஜின் ஓடும், ஏ.சி. ஓடும். அதிகாரி திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டும் என்பது அவர் பழகின தொழில். கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில், மார்க்கெட்டில் எல்லா இடத்திலும் அப்படியே.

"ஏங்க, நீங்களும் வந்து ஒரு முழுக்கு போட்டா என்ன?" என்று அக்கா கேட்பாள்.

"வண்டிய யாரு பாப்பா?"

"அத யாரு தூக்கிட்டுப் போவா? இறங்கி வாங்க."

"நீ போய்ட்டு வா. வரும்போது குளுகுளுன்னு இருக்கும் பாரு."

ஜில்லென்று மூடியிருந்தால்தான் அவளுக்கு வாந்தி வருகிறது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! தலையை ஆட்டுவார். அடுத்த நாள் அதையேதான் செய்வார்.

மாசி பாதியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ஒரு டப்பா, அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ படம். எனக்குப் போன் வந்தது.

"ஏலே, ஒரு பாத்திரத்துல எறும்பு மொய்க்குத மாதிரி காட்டுது. என்னன்னு பாரு."

பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பவர் டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். அத்தானோடு வேலை பார்த்த கணேசமூர்த்தி அண்ணாச்சி, அந்த பல்பைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார். நான் கடையை அரை நாள் மூடிவிட்டு அந்தத் தடிப் புத்தகத்தைப் படித்தேன். படித்ததும் பயம் வந்தது. அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். கிருபா என்று ஒரு பெண் எடுத்தாள். பொறுமையான பிள்ளை.

"சார், இப்ப வர்ற டீசல் வண்டியில புகைக்குழாய்ல ஒரு வடிகட்டி இருக்கும். கரிய எல்லாம் அதுதான் புடிச்சு வைக்கும். வண்டி நல்லா ஓடி சூடானா அந்தக் கரிய தானாவே எரிச்சிரும். நீங்க தூரமா எங்கயும் போறதில்லையா சார்?"

"குத்தாலம் வரைக்கும் போவோம்."

"எங்க இருந்து?"

"தென்காசியில இருந்து."

"அது அஞ்சு கிலோமீட்டர்தான சார்!" என்றாள் கிருபா. "நிப்பாட்டி வச்சுக்கிட்டு ஏ.சி. போட்டு உக்காருவீங்களா சார்?"

அத்தானைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருபா சொன்னது இவ்வளவுதான்: ஹைவேயில் அறுபதுக்குக் குறையாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தக்கூடாது, இன்ஜினை அணைக்கக்கூடாது. கரி எரிந்ததும் விளக்கு தானாக அணையும். அப்படியே விட்டால் விளக்கு மின்ன ஆரம்பிக்கும். அப்புறம் வண்டி இழுக்காது, லாரியில் ஏற்றி வொர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுவர வேண்டும். இப்போதே அங்கே வண்டிகள் நெருக்கிக் கிடக்கின்றன, விட்டால் உத்திரத்துக்குள் கிடைக்காது.

உத்திரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "கிளம்புலே. இப்பவே ஆலங்குளம் போய்ட்டு வருவோம்."

அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுவது என்ன பெரிய காரியம் என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் ஊரில் ஓட்டிப் பாருங்கள். பாவூர்சத்திரம் தாண்டி வண்டி வேகம் பிடித்தது. அத்தான் முகத்தில் சந்தோஷம். அப்போது ரோட்டோரம் பஸ்சுக்காக ஒரு பெரியவர் நின்றார். அத்தான் பிரேக்கில் காலை வைத்தார்.

"அத்தான், நிறுத்தக்கூடாது!"

"ஏலே, சொரிமுத்து மாமா நிக்காருல்லா. பாத்துட்டு நிறுத்தாமப் போனா என்ன நெனைப்பாரு? புதுக்காரு வந்ததும் தலக்கனம்னு ஊரு பூரா சொல்லமாட்டாரா?"

சொரிமுத்து மாமா ஏறினார். ஏறியதும் கதவைச் சாத்தத் தெரியாமல் சாத்தினார். வண்டி கத்தியது. அவருக்கு பெல்ட் போட்டுவிட்டு, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்ற அவர் கேள்விக்குப் பதில் சொல்லி, அவர் இறங்க வேண்டிய விலக்கில் இறக்கிவிட்டு மறுபடி கிளம்பினால், கொஞ்ச தூரத்தில் அத்தானோடு வேலை பார்த்த ஏட்டு ஒருவர் பைக்கை நிறுத்திக் கையைக் காட்டுகிறார். அவரிடமும் நலம் விசாரித்தாயிற்று. ஆலங்குளத்தில் டீக்கடை. டீ குடிக்காமல் திரும்பினால் ஆலங்குளம் வந்ததாகவே ஆகாதாம். விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. வண்டியை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் அக்கா, "நான் கூட வாரேன். நான் இருந்தா இவரு கண்ட இடத்துல நிறுத்தமாட்டாரு. எப்படியும் உத்திரத்துக்கு அவ்வளவு தூரம் போணும்லா, பழகுன மாதிரியும் இருக்கும்" என்றாள். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை. கண்ணாடியை இறக்கியபடிதான் போனோம். எழுபதில் போகும்போது அடித்த காற்றில் பழம் கையை விட்டு எங்கோ போய்விட்டது. நல்ல வேகம், நல்ல ரோடு, ஒரு தெரிந்த முகமும் இல்லை. கால் மணி நேரம் ஓடியிருக்கும். அக்கா அத்தானின் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோட்டி, பாதி முடிஞ்சுபோச்சு. வேற எதையாவது நென" என்றார் அத்தான்.

அக்கா பொறுத்துக்கொள்ள முடியாமல் கதவு மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அத்தான் நிறுத்தினார். ரோட்டோரம் குத்த வைத்து உட்கார்ந்து அக்கா குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள். அத்தான் வண்டியைச் சுற்றி வந்து கதவைத் துடைத்தார். முதலில் கதவைத் துடைத்தார் என்பதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "நான் உத்திரத்துக்கு பஸ்ஸுல போய்க்கிடுதேன்."

"என்னட்டி சொல்லுத?"

"நீங்க உங்க வண்டியில வாங்க. பானை, அரிசி, தேங்காய் எல்லாம் அதுல ஏத்திக்கோங்க. அதுக்கு ஓங்கரிக்காது. நான் பஸ்ஸுல வந்து இறங்குதேன்."

"பொறவு நான் எதுக்குடி கார் வாங்குனேன்?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். இன்ஜினைப் போடவில்லை, அது வரைக்கும் புத்தி வந்திருந்தது. எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாஸ்தாவிடம் போக வேண்டும் என்று. அதற்கு ஒரு பக்கம் வடிகட்டி இடைஞ்சல், இன்னொரு பக்கம் வயிறு இடைஞ்சல்.

என் கடைக்கு வரும் ஒரு டாக்டர் அம்மாவிடம் இதைப் புலம்பினேன். அவர்தான் சொன்னார்: "ஓட்டுறவங்களுக்கு வாந்தி வராது. வண்டி எப்ப திரும்பும், எப்ப குலுங்கும்னு அவங்க உடம்புக்கு முன்னாலயே தெரியும். உங்க அக்காவுக்கு ஸ்கூட்டர்ல ஒண்ணும் செய்யலல்ல?"

அன்று சாயங்காலம் அக்காவிடம், வண்டியை நீயே ஓட்டிப் பாரேன் என்றேன். அவள் உள்ளே போய் லைசென்ஸை எடுத்து வந்து காட்டினாள். ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் எடுக்கும்போது, காருக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் அக்கா, கூடக் கொஞ்சம்தான் ஆகும் என்று டிரைவிங் ஸ்கூல்காரர்கள் சொல்லி, ஒரு பழைய காரில் நாலு நாள் சுற்ற வைத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊரில் பாதிப் பெண்களிடம் இப்படி ஒரு லைசென்ஸ் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் யாரும் காரின் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

அத்தானிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை, சிரித்தார். "நான் இடது பக்கம் உக்காரணுமா? நானா? இத்தன வருஷ சர்வீஸ்ல நான் இடது பக்கம் உக்காந்ததே கிடையாதுலே."

"சரி, அப்ப பஸ்ஸு" என்றாள் அக்கா.

அடுத்த நாள் விடிந்ததும் குற்றாலத்தில் இருந்தோம். பங்குனி பிறந்து அருவி காய்ந்துவிட்டது. பாறையில் ஈரக் கோடு மட்டும் தெரிந்தது. கடைகள் அடைத்துக் கிடந்தன. சீசனில் வண்டி நிறுத்த அடிதடி நடக்கும் மைதானத்தில் ஒரு சைக்கிள்கூட இல்லை, குரங்குகள்தான் இருந்தன. அக்கா வலது பக்கம் ஏறி சேலையைச் சொருகிக்கொண்டாள்.

"இது என்ன?"

"ஆக்சிலேட்டர்."

"அது?"

"பிரேக்."

"பொறவு?"

"பொறவு ஒண்ணும் கிடையாது."

"இதுக்கா இவ்வளவு பெருமை அடிச்சீங்க?"

அத்தானின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. "பைய! பைய! ஏட்டி, பிரேக்க விட்டாலே அது நகரும்! கண்ணாடியப் பாரு! ரோட்டப் பாரு! ரெண்டையும் பாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரத்தில் ஏறிவிட்டன. அக்கா அவள் பாட்டுக்கு வண்டியை உருட்டிக்கொண்டிருந்தாள். அங்கன்வாடியில் அத்தனை பிள்ளைகளின் சத்தத்தில் வேலை பார்ப்பவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. சில நாளில் மைதானத்தை விட்டு ரோட்டுக்கு வந்தாள். குற்றாலத்திலிருந்து இலஞ்சி வழியாகத் தென்காசிக்கு அவளே ஓட்டி வந்தாள். ஓங்கரிப்பு இல்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

"வயித்துல ஒண்ணுமே தெரியலலே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உத்திரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விளக்கு மின்ன ஆரம்பித்தது. இன்றைக்கு விட்டால் வண்டியை லாரியில்தான் ஏற்ற வேண்டும். காலையிலேயே கிளம்பினோம். அக்கா ஸ்டீயரிங்கில். அத்தான் இடது பக்கம். நான் பின்னால், சாஸ்தாவை நினைத்துக்கொண்டு.

பாவூர்சத்திரம் தாண்டியதும் அக்கா வேகம் கூட்டினாள். அத்தான் கட்டளை போட்டுக்கொண்டே வந்தார்: "லாரிய ஒட்டிப் போகாத. ஹாரன் அடி. அந்த மாட்டுக்காரனப் பாரு." அக்கா எல்லாவற்றுக்கும் "ம்" போட்டாள். ரோட்டோரம் அதே சொரிமுத்து மாமா நின்றார். அக்கா அவருக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

"நிறுத்தலயா?"

"நிறுத்தக்கூடாதுன்னு அந்த சர்வீஸ் சென்டர் பிள்ள சொல்லிருக்கு."

கொஞ்ச தூரத்தில் அத்தானின் கட்டளைகள் குறைந்தன. அப்புறம் நின்றே போயின. இவ்வளவு அமைதியாக அவர் வந்ததே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. கண் ரோட்டில் இல்லை, மடியில் இருந்தது. இடது கை கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஏட்டி, அங்கன கொஞ்சம் ஓரமா நிறுத்து."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மால்லாம் நிறுத்த முடியாது. இன்னும் விளக்கு மின்னுது பாருங்க."

ஆலங்குளத்துக்குள் வேகம் குறைந்தது, ஆனால் அவள் நிறுத்தவில்லை. டீக்கடை பின்னால் போனது. ஊர் தாண்டி மறுபடியும் வண்டி வேகம் எடுத்தபோது அத்தான் அக்காவின் முழங்கையைத் தொட்டார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

"செல்வி. பெரட்டுது."

அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தினால் எல்லாம் போச்சு. மறுபடியும் முதலில் இருந்து, அதற்குள் வண்டி படுத்தால் உத்திரமும் போச்சு. அவள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, "தூரத்துல தெரியுத மலையப் பாருங்க. கீழ குனியாதீங்க. வாயால மூச்சு விடுங்க. இப்ப முடிஞ்சிரும்" என்றாள். தனக்கு அத்தனை காலமும் யாராவது சொல்லியிருக்க வேண்டியதை அவருக்குச் சொன்னாள். அத்தான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாயைத் திறந்து மூச்சு விட்டார். ஒரு கையால் வாயைப் பொத்தினார். சத்தம் வராமல் ஓங்கரித்தார். மகாராசா அணைஞ்சு தொலையேன் என்று அந்த விளக்கைப் பார்த்துப் பின்னாலிருந்து நான் வேண்டிக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது. எந்தச் சத்தமும் போடாமல், எரிந்ததே இல்லை என்பது மாதிரி அணைந்தது. அக்கா வேப்பமரம் ஒன்றின் பக்கத்தில் ஓரங்கட்டினாள். வண்டி முழுதாக நிற்பதற்குள் அத்தான் கதவைத் திறந்தார்.

குனிந்து நின்று வாந்தி எடுத்தார். அக்கா ஓடிப்போய் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். கதவிலும் கொஞ்சம் பட்டிருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தான் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, உனக்கு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருக்குமா?"

"இதவிட மோசமா இருக்கும். உங்களுக்கு இது முதத்தடவதான."

அவர் அவளைப் பார்த்தார். மறுபடியும் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வாந்தி எடுத்தால் எல்லோருக்கும் கண் கலங்கும்தான். அது அந்தக் கலக்கம் இல்லை.

அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டாள். "சரி, விளக்குதான் அணைஞ்சுபோச்சே. வீட்டுக்கு நீங்க ஓட்டுங்க. உத்திரத்துக்கும் நீங்களே ஓட்டுங்க. எத்தன வருஷமா ஆசப்பட்டீங்க. நான் எப்படியாவது பல்லக் கடிச்சுக்கிட்டு வருதேன்."

யாராவது ஒருவர் ஓங்கரித்தால்தான் அந்த வண்டியில் இரண்டு பேரும் சேர்ந்து போக முடியும். அதில் யார் என்பதை அவள் வழக்கம்போலத் தன் பக்கமே எடுத்துக்கொண்டாள்.

அத்தான் எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வலது பக்கம் வரை போனார். டிரைவர் கதவைத் திறந்தார். திறந்து பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"ஏறுட்டி" என்றார். "இவ்வளவு காலம் நீ ஓங்கரிச்சது போதும். இனிமே நான் ஓங்கரிச்சுக்கிடுதேன்."

அக்கா ஏறினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிச் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்து, தானே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, தூரத்து மலையைப் பார்த்தபடி வாயால் மூச்சு விட ஆரம்பித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தாள்.